இருபதாவது கல்

நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கிலோக்கா. முகத்துக்கு நேராகச் சொல்லும் துணிச்சல் ஒருவனுக்கும் கிடையாது. பின்னால் வருகிற லாரிக்காரனுக்குப் போன் போட்டு, "பாத்து வா, இன்னைக்கு கிலோக்கா உக்காந்திருக்கா" என்று எச்சரிப்பதோடு சரி. அவளுக்கும் இது தெரியும். தெரிந்து, உள்ளுக்குள் பெருமைதான்.

பெருமைப்பட்டுக்கொள்ள அந்த இடத்தில் வேறு என்ன இருந்தது? சாலையோரம் லாரி ஏறி நிற்க ஓர் இரும்பு மேடை. மேடையைப் பார்த்தபடி கண்ணாடி ஜன்னல் வைத்த அறை. அறைக்குள் ஒரு மேஜை, கொரகொரவென்று சுற்றும் மின்விசிறி, சிவப்பு எண்கள் ஓடுகிற பெட்டி, அவள். ஜன்னலுக்கு வெளியே தரையில் ஒரு மஞ்சள் கோடு. டிரைவர்கள் கோட்டுக்கு அப்பால்தான் நிற்க வேண்டும். மிதித்தால் உள்ளேயிருந்து மைக்கில் அதட்டல் வரும். அவ்வளவு தூரத்தில் நின்று அவன் என்ன சொன்னாலும் கண்ணாடிக்குள் கேட்காது. "சத்தமா சொல்லு, கேக்கலை" என்பாள். அவன் கத்துவான். "எதுக்குக் கத்துறே? நான் என்ன செவிடா?" என்பாள்.

சட்டம் என்னவோ பச்சைக் குழந்தைக்கும் புரிகிற சட்டம்தான். ஆறு சக்கர லாரி சரக்கோடு சேர்த்துப் பதினெட்டாயிரம் கிலோவுக்கு மேல் சாலையில் ஓடக் கூடாது. ஒரு கிலோ கூடினாலும் அபராதச் சீட்டு, ஒரு நடைக்கு ஒன்று. ஒரே வருடத்தில் மூன்று சீட்டு விழுந்தால் டிரைவரின் லைசென்ஸ் போகும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று அவளுக்கு இத்தனை வருடமாகியும் விளங்கவில்லை. ஆனால் வருகிறவன் எல்லாம் ஒரு கதையோடுதான் வருவான். மழையில் தார்ப்பாய் ஊறிவிட்டது என்பான். சக்கரமெல்லாம் சேறு என்பான். முன் சீட்டில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னவனும் உண்டு. எட்டிப் பார்த்தால் அந்த அம்மாள் ஐம்பது கிலோகூடத் தேறமாட்டார்.

இந்தக் கதைகளிலேயே மட்டமான கதை ஒன்று இருந்தது. "மெஷின் கூடக் காட்டுதுங்க." இதைச் சொல்கிறவனை அவள் மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள். இமை பாதி இறங்கும், உதட்டின் ஒரு மூலை லேசாகக் கோணும். காலில் ஒட்டியதைத் தரையில் தேய்ப்பதற்கு முன் பார்ப்போமே, அந்தப் பார்வை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பாள். "புகார்ப் புத்தகம் தொங்குது. எழுதிட்டுப் போ. தேதி போடு."

புத்தகம் ஜன்னலுக்கு வெளியே சங்கிலியில் தொங்கியது; அதில் எழுத மட்டும் கோட்டைத் தாண்டி வரலாம். தடிமனான பேரேடு, மூன்று வருடத்துக்கு முன் மாட்டியது. சங்கிலியின் நீளத்தை முடிவு செய்தவள் அவளேதான். நிமிர்ந்து நின்று எழுத எட்டாது. குனிந்து, ஒரு முட்டியை மடக்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் எழுத வேண்டும். எழுதுகிறவன் சீக்கிரம் முடித்துக்கொண்டு நடையைக் கட்டட்டும் என்பது அவள் கணக்கு. எழுதிய எதையும் அவள் ஒரு நாளும் படித்ததில்லை. பத்தில் ஒன்பது பேர் புளுகர்கள், பத்தாமவன் முட்டாள், இதில் படிக்க என்ன கிடக்கிறது?

இந்த அழகில், சொந்தத் தம்பியே லாரி டிரைவர்.

துறைமுகத்திலிருந்து அச்சகங்களுக்குக் காகித உருளை ஏற்றிப் போகிறவன். வீட்டில் அவளுக்குப் படிப்பு, அவனுக்கு ஸ்டியரிங் என்று சின்ன வயதிலேயே பங்கு பிரித்தாகிவிட்டது. அவளுக்கு அவன்மேல் பாசம் இல்லாமலில்லை. மதிப்புதான் இல்லை. கணக்கில் மூன்று முறை தவறியவனிடம் எண்களைப் பற்றி என்ன பேச்சு? அந்த வருடத்தில் அவனுக்கு மூன்று சீட்டு விழுந்தது. முன்னூற்றைம்பது கிலோ, இருநூற்றுத் தொண்ணூறு, நானூற்றுப் பத்து. மூன்றையும் கிழித்துக் கொடுத்தவள் அக்காதான்.

மூன்றாம் தடவை அவன் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நின்று கத்தியது இது: "ஒவ்வொரு உருளையிலயும் எடை அச்சடிச்சு ஒட்டியிருக்குக்கா! நீயே வந்து கூட்டிப் பாரு! துறைமுகத்து மேடையில பதினேழு தொள்ளாயிரத்துப் பத்து. இங்க வந்தா மட்டும் ஐநூறு கூடுது!"

"இங்க மட்டுமா?" என்றாள் மைக்கில். "அறுபது கிலோமீட்டர் தள்ளி அடுத்த மேடையிலயும் உனக்கு இதே எடைதான் வந்திருக்கு. ரெண்டு மெஷினும் கூடிப் பேசி உன்மேல பொறாமைப்படுதா?"

பின்னால் வரிசையில் நின்ற டிரைவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். தம்பி சிரிக்கவில்லை. குனிந்து, முட்டியை மடக்கி, புத்தகத்தில் நாலு வரி எழுதி, மறக்காமல் தேதியும் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் அவன் பெண்டாட்டி போன் செய்தாள். "அண்ணி, இனிமே இந்த வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க. உங்க மருமக கேட்டா நான் என்ன சொல்றது? உங்கப்பா பிழைப்புல மண்ணைப் போட்டது உங்க அத்தைதான்னு சொல்லவா?"

சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். அலுவலகத்தில் நாலு பேர் நடுவே, "தம்பின்னுகூடப் பாக்கலை நான்" என்று சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் "அம்மாடியோ!" என்றார்கள். அதை அவள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

நான்கு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு தம்பியின் லைசென்ஸ் விசாரணைக்கு நாள் குறித்தார்கள், பிற்பகல் மூன்று மணிக்கு. தற்செயலாக அதே நாள் காலையில்தான் எடைமேடையின் வருடாந்திரச் சோதனை. அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. முதல் நாள் தம்பிக்குப் போன் செய்தாள்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இங்க வா. உன் கண் முன்னாடியே மெஷினைச் சோதிக்கப் போறாங்க. நல்லாப் பாத்துக்கோ. பாத்துட்டு, மூணு மணிக்கு அங்க போய், நான்தான் கூட ஏத்தினேன்னு ஒத்துக்கோ. ஒத்துக்கிட்டா ஆறு மாசத்தோட விட்டுடுவாங்க. மெஷின் மேல பழி போட்டா ஆயுசுக்கும் வண்டியைத் தொட முடியாது."

"வரேன்" என்று மட்டும் சொன்னான் அவன்.

மேடையைச் சோதிக்க வருவது கல் லாரி. கல் என்றால் கருங்கல் இல்லை. ஒவ்வொன்றும் ஐநூறு கிலோ உள்ள இரும்புக் கட்டி. கடைத் தராசில் வைக்கிற படிக்கல்லுக்குப் பெரியண்ணன். அப்படி இருபது கல். விதிப்படி அவற்றை ஒவ்வொன்றாகக் கிரேனில் தூக்கி மேடையில் இறக்கி, பெட்டி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பொழுது ஏறிவிடும். அவ்வளவு நேரம் வெயிலில் நிற்க முத்திரை ஆய்வாளருக்கு என்ன தலையெழுத்தா? அவர் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார். கல்லை இறக்காமல் கல் லாரியையே மேடையில் ஏற்றிவிடுவார். வெறும் லாரி எட்டாயிரத்து நானூறு, இருபது கல் பத்தாயிரம், ஆக மொத்தம் பதினெட்டாயிரத்து நானூறு கிலோ என்று காகிதம் சொல்லும். பெட்டி அந்த எண்ணைக் காட்டினால் சரி. காட்டாவிட்டால் பெட்டியைத் திறந்து ஒரு திருகைத் திருப்பிக் காட்ட வைப்பார். பிறகு ஈய முத்திரையை வைத்து, படிவத்தை நீட்டுவார். "சோதனைக் கற்கள் இருபதையும் நேரில் கண்டேன்" என்று அச்சடித்த வரிக்குக் கீழே கிலோக்கா கையெழுத்துப் போடுவாள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

தம்பி பத்து மணிக்கு முன்பே வந்து, தன் வெறும் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் மஞ்சள் கோட்டுக்கு அப்பாலேயே நின்றான். உள்ளே வா என்று அவளும் சொல்லவில்லை.

கல் லாரி வந்தது. அதன் டிரைவர் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடமே இருந்த பெரியவர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. எங்கேயும் வேகம் தாண்டாதவர், எங்கேயும் ஹாரன் அடிக்காதவர் என்று பெயர். "ஓட்டினா அந்த அண்ணன் மாதிரி ஓட்டணும்" என்று அவளே பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். பக்கத்து சீட்டில் முத்திரை ஆய்வாளர். லாரியை விட்டு இறங்காமலேயே சோதனையை முடிக்க வழி உண்டா என்று யோசிக்கிற ரகம். இறங்கினார், நேராக மின்விசிறிக்குக் கீழே வந்து நின்றார்.

"வழக்கம்போலத்தானே மேடம்?"

"வழக்கம்போலத்தான் சார். ஏத்தச் சொல்லுங்க."

லாரி மேடையில் ஏறி நின்றது. சிவப்பு எண்கள் ஓடின, தயங்கின, நின்றன. பதினெட்டாயிரத்து நானூறு. ஒரு கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கிலோக்கா மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். இந்த நிமிடத்துக்காகத்தானே அவனை வரச் சொன்னது? "பாத்தியா? காகிதத்துல பதினெட்டு நானூறு. மெஷின்லயும் பதினெட்டு நானூறு. இப்ப சொல்லு தம்பி, கூடம் கோணலா, ஆடறவன் கோணலா?"

தம்பி எண்ணைப் பார்த்தான். லாரியைப் பார்த்தான். குனிந்து அதன் சக்கரங்களைப் பார்த்தான். ஏதோ சொன்னான்.

"சத்தமா சொல்லு, கேக்கலை."

"ஆறு சக்கர வண்டிக்கா இது!" என்று கத்தினான். "ஆறு சக்கரத்துக்கு லிமிட்டு பதினெட்டு. நானூறு கிலோ கூட இருக்கு. இவருக்குச் சீட்டு கிழிக்கலையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. மூன்று வருடமாக இந்தப் புது லாரி இதே மேடையில் ஏறி, இதே எண்ணைக் காட்டிவிட்டுப் போகிறது. நானூறு கிலோவுக்குத் தம்பியின் வயிற்றில் அடித்தவளுக்கு இந்த நானூறு கிலோ ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. சோதனை வண்டியைச் சோதிக்க யாருக்குத் தோன்றும்? என்ன பதில் சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள், கல் லாரியின் கதவைப் படாரென்று திறந்துகொண்டு பெரியவர் இறங்கிவிட்டார். அவர் மூக்கு நுனி சிவந்திருந்தது.

"யாரைப் பாத்து என்ன பேசறே தம்பி? முப்பத்தோரு வருஷ சர்வீஸ் எனக்கு. லிமிட்டுக்கு மேல ஒரு கிலோ ஓட்டினேன்னு எவனாவது சொல்லட்டும்! இந்தப் புது வண்டியில கிரேன் பெரிசு. இருபது கல்லையும் ஏத்தினா லிமிட்டைத் தாண்டிடும்னு வந்த அன்னைக்கே கணக்குப் போட்டுட்டேன். அதனாலதானே மூணு வருஷமா ஒரு கல்லை ஆபீஸ்லயே இறக்கி வெச்சுட்டு வரேன்!"

மின்விசிறி கொரகொரத்தது.

காகிதத்தில் இருபது கல். லாரியில் பத்தொன்பது. அதாவது பதினேழாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோவைப் பதினெட்டாயிரத்து நானூறு என்று வாசிக்கும்படி மெஷினுக்கு ஆய்வாளர் திருகைத் திருப்பிப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த மேடைக்கும் அதே லாரி, அதே வாத்தியார், அதே பாடம். இரண்டும் ஒரே பொய்யை ஒப்பிக்காமல் வேறு என்ன செய்யும்? எடை வரம்பை மீறக் கூடாது என்று ஒரு மனிதர் சட்டத்தை அவ்வளவு பயபக்தியோடு மதித்ததில், எடை வரம்பை மீறாதவன் எல்லாம் மூன்று வருடமாகக் குற்றவாளி.

கிலோக்கா நம்பவில்லை. நம்ப முடியாது என்பதைவிட, நம்ப மாட்டேன் என்று இருந்தாள். "இறக்குங்க" என்றாள். "ஒவ்வொரு கல்லா மேடைல இறக்குங்க. விதியில என்ன போட்டிருக்கோ அப்படியே செய்வோம்."

"மேடம், வெயில்..." என்று ஆரம்பித்தார் ஆய்வாளர்.

"இறக்குங்க சார்."

பத்துக் கல்லை இறக்கிவிட்டு லாரி மேடையை விட்டு விலகி நின்றது. சின்னக் குழந்தைக்கும் தெரியும், பத்து ஐநூறு ஐயாயிரம். பெட்டி ஐயாயிரத்து நூற்று நாற்பது என்றது.

"கிரேன் சங்கிலி மேல கிடக்கும்" என்றார் ஆய்வாளர்.

"சங்கிலி நூத்து நாப்பது கிலோவா சார்?"

சங்கிலியையும் எடுத்துப் பார்த்தார்கள். நூற்று நாற்பது கிலோ அப்படியேதான் இருந்தது. மிச்சக் கற்களையும் இறக்கினார்கள். இதற்குள் வரிசையில் காத்திருந்த டிரைவர்கள் இறங்கி வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு கல் மேடையைத் தொடும்போதும் அவர்கள் சத்தமாக எண்ணினார்கள். பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது. அதற்குப் பிறகு கிரேன் கொக்கி வெறுமனே ஆடியது. எண்ணியவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

"அந்த ஒரு கல் எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டாள்.

"பத்திரமா இருக்கு மேடம். ஆபீஸ் வாசல்ல, சைக்கிள் நிறுத்தற இடத்துக்குப் பக்கத்துல. எல்லாரும் அதுமேல உக்காந்துதான் டீ குடிக்கிறாங்க. நம்ம சாருக்குக்கூட அது பிடிச்ச இடம்."

ஆய்வாளர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். மூன்று வருடமாகத் தான் உட்கார்ந்திருந்தது எதன்மேல் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனையாவது மன்னிக்கலாம். இந்த மனுஷன் வெண்ணெய்மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"நான் சட்டத்தை மதிச்சேன் மேடம்" என்றார் பெரியவர், இப்போது சற்றுத் தணிந்த குரலில். "அது தப்பா?"

அவரைக் கிழி கிழியென்று கிழிக்க வாயைத் திறந்தாள். என்னவென்று கிழிப்பது? அவராவது எண்ணினார். எண்ணிப் பார்க்காமலேயே "நேரில் கண்டேன்" என்று மூன்று முறை கையெழுத்துப் போட்டது யார்? டீயில் சர்க்கரை போதவில்லை என்று ஒரு தடவை சோதனையின்போது அவள் சண்டை பிடித்தது நினைவிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நின்ற கல் லாரியை எட்டிப் பார்த்ததாக நினைவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

ஆய்வாளர் அவளை அறைக்குள் தள்ளிக்கொண்டு போகாத குறையாக அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். தம்பியையும் உள்ளே வரச் சொன்னார். அந்த அறைக்குள் தம்பி கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"இதை ஊதிப் பெரிசாக்க வேண்டாம் மேடம்" என்றார் தாழ்ந்த குரலில். "திருகைத் திருப்பி இப்பவே சரி பண்ணிடறேன். சோதனை திருப்தின்னு எழுதிடுவோம். தம்பி விஷயத்துக்கு, கடைசிச் சீட்டுல டைப்பிங் தப்பு விழுந்துடுச்சுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க. அப்புறம் ரெண்டு சீட்டுதான். லைசென்ஸ் தப்பிச்சுடும். வெளியில நிக்கிறவங்க நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க. உண்மையை எழுதினா முதல்ல போறது உங்க வேலைதான். கையெழுத்து உங்களோடது, பாத்துக்கோங்க."

உள்ளதைச் சொன்னால், அவளுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. தம்பி பிழைத்துக்கொள்வான், தானும் பிழைத்துக்கொள்ளலாம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? சரிதானே என்று கேட்பது போலத் தம்பியைப் பார்த்தாள்.

தம்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இமை பாதி இறங்கியிருந்தது. உதட்டின் ஒரு மூலை லேசாகக் கோணியிருந்தது. அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. பதினேழு வருடமாக இந்தக் கண்ணாடிக்கு உள்ளிருந்து வெளியே அவள் அனுப்பிக்கொண்டிருந்த பார்வை. அது தன்மேல் விழுந்தால் எப்படியிருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. உடம்பு கூசியது. அழுகை வரும் என்று அவள் நினைத்தாள். வந்தது கோபம், அதுவும் தன்மேலேயே.

"என்னோட சீட்டுல மட்டும்தான் டைப்பிங் தப்பா?" என்றான் தம்பி. பிறகு ஜன்னலைக் காட்டினான். "புகார்ப் புத்தகம் தொங்குதுக்கா. எழுதிட்டுப் போ. தேதி போடு."

அவள் வெளியே வந்தாள். மஞ்சள் கோட்டைத் தாண்டி, சுற்றி வந்து, புத்தகத்தைக் கையில் எடுத்தாள். எட்டவில்லை. குனிந்து, ஒரு முட்டியை மடக்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டாள். காலியான பக்கத்தைத் தேடிப் புரட்டப் போனவள், முதல் முறையாக நிரம்பிய பக்கங்களைப் பார்த்தாள்.

"இங்கு ஐநூறு கிலோ அதிகம் காட்டுகிறது." அதற்குக் கீழே வேறு கையெழுத்து: "துறைமுக எடைக்கும் இந்த எடைக்கும் அரை டன் வித்தியாசம்." அடுத்த பக்கம், கிரீஸ் விரல் ரேகையோடு: "அம்மா ஐநூறு கூடுது தயவுசெய்து ஒரு தடவை பாக்கவும்." இன்னொன்று: "மூணாவது சீட்டு. நாளையிலிருந்து என்ன செய்வது தெரியவில்லை. மிஷின் ஐநூறு தப்பு." தேதி போடாத ஒன்று. கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து ஐநூறில் முடிந்த ஒன்று. தம்பியின் கோணல் எழுத்து: "உருளைகளின் எடையைக் கூட்டிப் பார்க்கவும். 500." எழுத வராத எவனோ ஒருவன் ஐந்து, பூஜ்யம், பூஜ்யம் என்று மூன்று எண்களை மட்டும் எழுதி, கீழே கட்டைவிரல் ரேகை வைத்திருந்தான்.

காணாமல் போன கல்லின் எடையை மூன்று வருடமாக அத்தனை பேரும் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கிலோ பிசகாமல் சொல்லியிருக்கிறார்கள். சங்கிலி எட்டாத இடத்தில் முட்டி வலிக்கக் குனிந்து எழுதியிருக்கிறார்கள். அவள் அந்தப் பக்கம் கண்ணாடிக்குள் உட்கார்ந்து ஆட்டத்தையும் கூடத்தையும் பற்றிப் பழமொழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எழுதினாள். முட்டி வலித்தது, பேனா பாதியில் மக்கர் செய்தது, உதறி உதறி எழுதினாள். "மூன்று வருடமாக இந்த மேடை ஏறக்குறைய ஐநூறு கிலோ அதிகம் காட்டியிருக்கிறது. சோதனைக்கு வந்த கற்கள் பத்தொன்பதுதான். இருபதையும் நேரில் கண்டதாகக் கையெழுத்துப் போட்டவள் நான். நான் பார்க்கவில்லை. எண்ணவில்லை. இதே புத்தகத்தில் எழுதியவர்கள் சொன்னது உண்மை." கீழே கையெழுத்துப் போட்டாள்.

"வேலை போயிடும் மேடம்" என்றார் ஆய்வாளர், கதவருகில் நின்றபடி.

"தெரியும் சார். நீங்களும் வந்து போடுங்க."

அவர் நகரவில்லை. பெரியவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்து, "கற்கள் பத்தொன்பது, நானே ஏற்றினேன், வாகனம் வரம்புக்குள்" என்று அழகான கையெழுத்தில் எழுதி, கடைசி இரண்டு வார்த்தைக்குக் கீழே கோடு வேறு போட்டார். பிறகு சுற்றி நின்ற டிரைவர்கள் ஒவ்வொருவராக ஆய்வாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். பத்தொன்பது கல்லும் மேடையில் கிடந்தன, முப்பது பேர் எண்ணியிருந்தார்கள், கல் லாரி அவர்களைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். ஆய்வாளர் வந்து, குனிய முடியாத வயிற்றோடு குனிந்து, ஒரு கிறுக்கல் கிறுக்கினார்.

தம்பி பக்கத்தை எட்டிப் பார்த்தான். மேலிருந்து கீழே வரி வரியாகப் படித்தான்.

"தேதி" என்றான்.

அவள் மறுபடி குனிந்து தேதி போட்டாள்.

"இந்தப் புத்தகம் மூணு மணிக்கு அங்க வேணும்" என்றான்.

சங்கிலிப் பூட்டின் சாவி எங்கே போட்டோம் என்று அவளுக்கே நினைவில்லை. அதுவரை யாரும் அதைத் திறந்ததில்லை. மேஜையின் கடைசி இழுப்பறையில் துருவேறிக் கிடந்தது. புத்தகத்தைக் கழற்றினாள். பெட்டியை அணைத்தாள். சாலையில் தடுப்பைத் திறந்துவிட்டு, மேடை இயங்காது என்று அட்டையில் எழுதி மாட்டினாள். லாரிகள் எடை பார்க்காமல் போகத் தொடங்கின. ஒருவனும் அவளைப் பார்த்து ஹாரன் அடிக்கவில்லை, கை காட்டவும் இல்லை.

"ஏறு" என்றான் தம்பி, தன் லாரியின் கதவைத் திறந்துவிட்டு.

பதினேழு வருடம் லாரிகளோடு குடித்தனம் நடத்தியவள் ஒரு லாரிக்குள் ஏறியது அன்றுதான். படி இடுப்பு உயரத்தில் இருந்தது. அவன் கை கொடுக்கவில்லை. கம்பியைப் பிடித்து, புடவையைச் சுருட்டிக்கொண்டு, இரண்டாவது முயற்சியில் ஏறினாள். சீட்டுக்கு மேலே மருமகளின் பள்ளிக்கூடப் படம் செருகியிருந்தது. போன தடவை பார்த்ததைவிட வளர்ந்திருந்தாள்.

லாரி சாலைக்கு வந்ததும், "தம்பி, நான்..." என்று ஆரம்பித்தாள்.

"என்கிட்ட எதுக்கு?" என்றான். "அங்க போய் நீதான் வாசிச்சுக் காட்டப் போறே, எல்லாத்தையும். என்னோடதை மட்டும் இல்லை. இப்பவே படிச்சுப் பழகிக்கோ. முதல் பக்கத்துலேர்ந்து."

அவள் புத்தகத்தை மடியில் வைத்துத் திறந்தாள். முதல் பக்கத்தில் இருந்த புகாரில் பெயர் இல்லை, வண்டி எண் மட்டும் இருந்தது. படிக்க ஆரம்பித்தாள். ஐநூறு என்ற இடத்துக்கு வந்ததும் குரல் முணுமுணுப்பாகிவிட்டது. அதே வரியை மறுபடி படித்தாள்.

"சத்தமா படி" என்றான் தம்பி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கேக்கலை."